நீ வெட்டிய இரண்டு பாட்டு

மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், என் கோபமே அதுதான். ரிச்சர்ட்சனில் நாங்களும் இருக்கிறோம். அப்பா கராஜில் எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதைக் கையால் எழுதுகிறேன், முடித்ததும் அவர் ஸ்கேன் செய்து உனக்கு அனுப்புவார். ஆங்கிலத்தில் எழுதினால் மீட்டிங்குக்கு நடுவே ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு "ஓகே அம்மா" என்று ஒரு வரி தட்டிவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டும், அதற்கு உட்காரவேண்டும். உட்கார். தமிழ் படிக்க வராது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. பத்துப் பாட்டில் எந்த இரண்டை வெட்டவேண்டும் என்று அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தவனுக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நீ போன் செய்தாய். "டேவிட் அங்கிள்கிட்ட நீங்க சாரி சொல்லணும்மா. அது வரைக்கும் நானும் எமியும் கிறிஸ்துமஸுக்கு டெக்ஸஸ் வரமாட்டோம்" என்றாய். உன் கல்யாண வரவேற்பில், முந்நூறு பேருக்கு முன்னால், மைக்கில் நான் அவரை அவமானப்படுத்திவிட்டேன் என்றாய். உன் மாமியாரின் வேதத்தை எடுத்து என் சொந்தப் பகையைத் தீர்த்துக்கொண்டேன் என்றும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். வாயில் வந்ததெல்லாம் ஒரு தாய் போனில் சொல்லக்கூடிய வார்த்தைகளாக இல்லை. அதனால் நாலு நாள் ஆறப்போட்டேன், ஆறவில்லை. இப்போது சொல்கிறேன்: டேவிட் அங்கிளிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

எமியைக் கட்டப்போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை. அவள் வீட்டு மதம்தான் எனக்கு ஆகவில்லை. ஜப்பானில் நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு பெண் ஆரம்பித்த மதம் என்றாய். புத்தமும் இல்லையாம், அவர்களுடைய பழைய கோவில் மதமும் இல்லையாம். நம் குடும்பமோ பாளையங்கோட்டையில் தலைமுறை தலைமுறையாகச் சபை மணியடித்த குடும்பம். இது என்ன கூத்து என்று நான் அப்பாவிடம் கத்தியது உனக்குத் தெரியும், நீயும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். கல்யாண வேலைக்காக நான் சான் ஹோசே வந்தபோது, உன் அபார்ட்மென்ட்டில் இடம் இல்லை என்று என்னை ஹருகோ சம்பந்தி வீட்டில் விட்டாய். அந்த அம்மா தனியாக இருக்கிறார், துணையாக இருக்கும் என்றாய். அவர் வீட்டு முன் ஹாலே வழிபாட்டு அறை. அந்த வாசலைக்கூட மிதிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் நான் பெட்டியைத் திறந்தேன்.

முதல் மூன்று நாள் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ ஆபீஸில் இருந்தாய். காலையில் அவர் முன் ஹாலில் இரண்டு மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பிப்பார். நான் சமையலறையில் நின்று கீர்த்தனை பாடுவேன். அவர் சத்தம் கேட்காத அளவுக்கு என் சத்தம் இருக்கவேண்டும் என்பதற்காகவே பாடினேன், ஜெபம் ஒன்றும் இல்லை அதில். நாலாம் நாள் அவர் டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். அவரோ, உங்கள் பாட்டுக்குக் கை உண்டா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர்கள் பாட்டு ஒவ்வொன்றுக்கும் கை அசைவு உண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே காட்டினார். விதைப்பதற்கு ஒரு கை, பெருக்குவதற்கு ஒரு கை. எங்கள் பாட்டுக்குத் தொண்டை மட்டும்தான் என்றேன். அது மூன்று நாளாகத் தெரிகிறது என்று அவர் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த முதல் பெண்ணின் கதையைக் கேட்டேன். விவசாய வீட்டு மருமகள். விளையாடும் வயதில் கட்டிக்கொடுத்து, மாமியாருக்கும் மாமனாருக்கும் உழைத்து, பிள்ளை பெற்று, சிலதைப் புதைத்து, ஒருநாள் அவள் வாயில் தெய்வம் பேசியது என்கிறார்கள். வீட்டில் இருந்ததையெல்லாம் தூக்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் பைத்தியம் என்றார்கள். வயதான பிறகு தூரிகையை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பெரிய படிப்புப் படித்தவர்களின் எழுத்தில் எழுதவில்லை. பெண்களும் கூலிக்காரர்களும் வாசிக்கக்கூடிய எளிய எழுத்தில் எழுதினாள். அந்த மதத்தின் ஆதி நூல் அதுதான், பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டே போகும் பாட்டுகள். மேலே இருப்பவர்களுக்கு அது பிடிக்காமல் அந்தக் கிழவியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தத் தெய்வத்துக்கு அவள் வைத்த பெயர் பெற்றோர் என்பதாம். பாட்டு நெடுக அந்தப் பெற்றோர் கொஞ்சுவதோடு நிற்கவில்லை, திட்டவும் செய்கிறது. உலகத்தை உண்டாக்கிய தாய் பிள்ளைகளைப் பார்த்து, என்ன காரியம் செய்துவிட்டு வந்து நிற்கிறீர்கள் என்று கேட்கிற தொனி. நான் என் விசுவாசத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றவும் மாட்டேன். ஆனால் அந்தப் பெண் எனக்குத் தெரிந்தவள் என்று தோன்றியது. ஒரு பத்துப் பாட்டை நானே தமிழில் எழுதி வரவேற்பில் வாசிக்கிறேன் என்று சொன்னது நான்தான், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தப் பத்தைத் தமிழாக்க நானும் சம்பந்தியும் பட்ட பாட்டை நீ பார்த்திருக்கவேண்டும். ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் எழுதினால் எல்லாம் சர்ச் தமிழாகவே வந்தது. பாளையங்கோட்டைக்காரி வேறு எப்படி எழுதுவாள்? "ஜனங்களே, உங்கள் இருதயங்களைச் சுத்திகரியுங்கள்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன், எனக்கே பிரசங்கபீடத்தில் நிற்பதுபோல் பெருமையாக இருந்தது. சம்பந்திக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் என் குரலைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். எழுந்து நின்று அந்தப் பாட்டின் கையைக் காட்டினார். குனிந்து, இரண்டு கையாலும் தரையைப் பெருக்கும் கை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதியதை அடித்துவிட்டு, "உன் மனசைப் பெருக்கு, தினமும் தூசி விழுகிறது" என்று எழுதினேன். இப்படிப் பத்துப் பாட்டுக்கும் அவர் கை, என் பேனா. நான் பெரிய வார்த்தை போடும்போதெல்லாம் அவர் கையைப் பார்த்துச் சின்ன வார்த்தைக்கு இறங்கினேன். பதிலுக்கு அவர் என்னிடம் ஒன்று முதல் பத்து வரை தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு பாட்டும் எண்ணைச் சொல்லித்தானே ஆரம்பிக்கிறது. நான் வாசிக்கும்போது எண்ணைக் கேட்டுக்கொண்டே மடியில் கை அசைப்பேன் என்றார். ஏழும் எட்டும் அவர் நாக்கில் புரளவே இல்லை, இருந்தாலும் விடவில்லை.

நீ வெட்டியது என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். ஆறு: மேலே உட்கார்ந்திருப்பவனே, உன் பாரத்தைச் சுமக்கிறவனின் பெயர் உனக்குத் தெரியுமா, தெரிந்துமா இறக்கிவிடாமல் இருக்கிறாய்? இதற்குக் கை, கனமான ஒன்றை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித் தோளுக்கு ஏற்றுவது. ஏழு: பெற்றவள் நான் கோபமாக இருக்கிறேன், கோபத்தை மறைத்துக்கொண்டு உன்னைக் கொஞ்ச எனக்குத் தெரியாது. இதற்குக் கை, நெஞ்சில் வைத்து, பிறகு விரித்து வெறுங்கையைக் காட்டுவது. இந்த இரண்டையும் எழுதும்போது நான் யாரை நினைத்துக்கொண்டேன் என்று நீ கேட்டாய் அல்லவா? டேவிட் அங்கிளை நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஏன் நினைக்கமாட்டேன்? இரண்டாயிரத்து ஒன்றில் நீ கல்லூரியில் கடைசி வருஷம். இந்த ஊரில் டெலிகாம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. அப்பாவுக்கு டாலஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் வேறு வேலை வந்தது. அவருடைய மேனேஜர் டேவிட் அங்கிள், அதற்கு மேல் நம் சபையில் மூப்பர், மாதாமாதம் நம் ஹாலில் உட்கார்ந்து ஜெபம் நடத்துகிறவர். அப்பா அவரிடமே யோசனை கேட்டார். நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். "இருங்க பிரதர், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அப்பா அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டார். கையில் இருந்த வேலை முடியும்வரை அப்பா தேவைப்பட்டார், முடிந்தது, அனுப்பிவிட்டார்கள். அனுப்பவேண்டியவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தது அவர்தான் என்று ஊரே சொன்னது, அவரும் இல்லை என்று சொல்லவில்லை. கிரீன் கார்டு மனு அதோடு போயிற்று, மறுபடி ஆரம்பத்திலிருந்து வரிசை. உனக்கு இருபத்தொரு வயது தாண்டிவிட்டதால் நீ எங்களோடு சேர முடியாமல் தனியாக மாணவர் விசாவுக்கு ஓடினாய். அப்பா ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய், நாலு பேரோடு ஒரே வீட்டில் தங்கி, தானே சமைத்து, மூன்று வருஷம் விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வந்தார்.

அப்பா அன்று ஆபீஸிலிருந்து வந்தது உனக்கு மறந்திருக்காது. கராஜ் கதவு திறந்தது, அவர் ஒரு அட்டைப்பெட்டியோடு நின்றார். காபிக் கோப்பை, ஸ்வெட்டர், நீ பள்ளிக்கூடத்தில் செய்த களிமண் யானை, அவ்வளவுதான் அதில். உள்ளே வரவும் தெரியாமல், கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார். நான் அடுப்படியில் இருந்தேன். நீ மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கினாய். வாங்கிக்கொண்டு போய் உன் அறையில் வைத்தாய். பிறகு வந்து என்னிடம், "நான் யாருக்கும் இப்படிப் பண்ணமாட்டேன்மா" என்றாய். நான் உன்னைப் பெற்றதற்குச் சந்தோஷப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று. அந்தச் சாயங்காலத்தை நினைத்துத்தான் அப்புறம் எத்தனையோ கஷ்டத்தைக் கடந்தேன்.

அதே டேவிட் அங்கிள் கலிபோர்னியாவுக்குப் போய்ப் பெரிய ஆளாகி, உன்னைத் தன் கம்பெனிக்குக் கூப்பிட்டபோது நான் வேண்டாம் என்றேன். அப்பா, அவன் இஷ்டம், விடு என்றார். உன் அப்பா யாரையும் மன்னித்துவிடுவார், பாதி நேரம் தப்பு நடந்ததே அவருக்குத் தெரியாது. நீ போனாய், நன்றாக வேலை செய்தாய், போன வருஷம் மேனேஜரும் ஆனாய். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு விஷயம் மட்டும் அப்போதே சொன்னேன். உனக்குக் கீழே இருப்பவர்களிடம் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாதே, தெரிந்ததைத் தெரியாததுபோலவும் சொல்லாதே என்றேன். "யா யா" என்றாய்.

இனி வரவேற்பு. வாசிக்க மேடையேறும் முன் நீயே வந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாளை என் கையில் கொடுத்தாய். "எழுத்தைப் பெருசு பண்ணியிருக்கேன்மா, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்" என்றாய். என்ன பாசம் என்று நினைத்து உன் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறினேன். உன் டீமில் வேலை செய்கிற ரியாஸ்தான் தமிழில் டைப் செய்து கொடுத்தான் என்று தெரியும், மேலப்பாளையத்துப் பையன், தமிழ் சுத்தமாக இருக்கும் என்று நம்பி ஒரு தடவைகூட நான் சரிபார்க்கவில்லை. முன்வரிசையில் சம்பந்தி கிமோனோவில். பக்கத்து நாற்காலியில் டேவிட் அங்கிள். ஒன்று என்றேன், சம்பந்தியின் விரல்கள் மடியில் விதைத்தன. ஐந்து வரை என் குரலும் அவர் கையும் சேர்ந்தே போயின. ஆறு என்று நான் சொன்னதும் அவர் கை பாரத்தைத் தோளுக்கு ஏற்றியது. என் வாயோ அறுவடையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ இடிக்கிறதே என்று பட்டது, கூட்டத்தின் பதற்றத்தில் மேலே போய்விட்டேன். எட்டோடு தாள் முடிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தி மட்டும் தட்டவில்லை. இரண்டு கையையும் மடிக்கு மேலே லேசாகத் தூக்கியபடி ஒன்பதுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைகளைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. நீ இரண்டை எடுத்துவிட்டு, மீதிக்கு எண்ணை மாற்றி, கூட்டி ஒட்டிக் கொடுத்திருக்கிறாய். தமிழ் தெரியாத அந்த அம்மா எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே வருவார் என்று உனக்குத் தோன்றவில்லை. நான் தாளைக் கீழே வைத்தேன். இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன். ஆறு, ஏழு என்று எண்ணையும் சொல்லி இரண்டையும் மனப்பாடமாகச் சொன்னேன், நானே எழுதியது, எனக்கு எதற்குத் தாள்? டேவிட் அங்கிளைப் பார்த்துத்தான் சொன்னேன். ஏன் பார்க்கக்கூடாது? ஏழு வருஷமாக அந்த மனிதர் முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொன்னதில்லை. சம்பந்தியின் கை இரண்டுக்கும் சரியாக அசைந்தது. முடித்துவிட்டு இறங்கினபோது மனசு லேசாக இருந்தது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. பிரியாணி வரிசையில் டேவிட் அங்கிள் தட்டோடு என்னிடம் வந்தார். "சூப்பர் சிஸ்டர், ரொம்ப நல்ல மெஸேஜ். இந்தக் காலத்துல மேல இருக்கிறவங்க எல்லாரும் கேக்கணும்" என்றார். சிரித்தார். மனுஷருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தன்னைச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏழு வருஷக் கோபத்தைச் சேர்த்து வைத்து நான் எறிந்த கல் அவர் மேல் பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது. அப்படிப்பட்டவரிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்? அவர் கேட்டாரா? அவர் கேட்கவில்லை. நீதான் கேட்கிறாய். அன்று மேடைக்குக் கீழே உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன், அங்கிளுக்காக வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று இந்த வாரம்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ரியாஸ் போன் செய்தான். வேலை போய்விட்டது என்றான். வேலையோடு விசாவும் போயிற்று, இந்தச் சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறோம், உங்களிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை ஆன்ட்டி என்றான். அவன் குரலில் குறை எதுவும் இல்லை. இங்கே டெக்ஸஸில் சுகர் லேண்ட் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் வேறு வேலை வந்ததாம், உன்னிடம் யோசனை கேட்டானாம். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவேண்டாம். "இருடா, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னான் ஆன்ட்டி. பாவம், அவனுக்கே கடைசி நிமிஷத்துலதான் தெரியுமாம்" என்றான். உனக்காக அவன் என்னிடம் பரிந்து பேசுகிறான். அந்த இரண்டு பாட்டும் அவனுக்குப் பிடித்திருந்ததாம். டேவிட் அங்கிள் வருகிறார், நன்றாக இருக்காது, எடுத்துவிடு என்று நீ சொன்னதால் எடுத்தானாம். மைக்கில் நான் சொன்னபோது சந்தோஷப்பட்டானாம்.

போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கார்ப்பெட்டைப் பார்த்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பிடித்து உலுக்கினேன். கல்யாணத்துக்கு முன்பே நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய், ரியாஸை அனுப்பவேண்டியிருக்கும், வேலை முடியும்வரை சொல்லவேண்டாம் என்று அங்கிள் சொல்லியிருக்கிறார் என்று. உன் அப்பா, அந்த அட்டைப்பெட்டியைச் சுமந்து நின்ற அதே மனிதர், உனக்குச் சங்கடம் வேண்டாம் என்று என்னிடம் மறைத்திருக்கிறார். அவருக்கும் அன்று நிறையக் கிடைத்தது, அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

ஆக, ஆறாவது பாட்டை நீ யாருக்காக வெட்டினாய் என்று எனக்கு இப்போது தெரியும். அங்கிளுக்கு எதுவும் உறைக்காது என்று அவர் பக்கத்திலேயே வேலை செய்யும் உனக்குத் தெரியாதா? உனக்கு உறைத்தது. எழுத்துக்கூட்டிப் படித்தும் உறைத்தது. பாரத்தைச் சுமக்கிறவன் பெயர் உனக்குத் தெரியும், அவன்தான் எதிரே உட்கார்ந்து அந்தப் பாட்டை டைப் செய்துகொண்டிருந்தான். அவன் விரலாலேயே அதை அழிக்க வைத்தாயே, உனக்கு எப்படியடா மனசு வந்தது? வேலைக்கு ஆள் குறைப்பது உன் கையில் இல்லை என்பாய். ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி சொன்னால் மேனேஜர் செய்துதான் ஆகவேண்டும், அது எனக்கும் புரியும். "ஒண்ணும் ஆகாது" என்பதை உன்னைச் சொல்லச் சொன்னது எந்தக் கம்பெனி? வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட அவன் சுகர் லேண்டுக்குப் போய்ப் பிழைத்திருப்பான். நம் ஹாலில் என் காபியைக் குடித்துக்கொண்டு ஒருவர் சொன்ன அதே வாக்கியத்தை, அதனால் விசா இழந்து ஓடிய என் பிள்ளை, ஒரு வார்த்தை மாறாமல் இன்னொரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறான். இதைக் கேட்கத்தானா நான் உன்னை வளர்த்தேன்?

அடுத்தவர் வேதத்தை என் பகைக்குப் பயன்படுத்தினேன் என்றாய். சரி, பயன்படுத்தினேன். அந்தப் பெண் எழுதியதே அதற்குத்தான் என்று நினைக்கிறேன். சும்மா அழகாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தால் போலீஸ் எதற்கு வந்து பிடிக்கப்போகிறது? விதைப்பதும் அறுப்பதும் பூ பூப்பதும் மட்டும் இருந்தால் உன்னைப் போன்றவர்களுக்குச் சௌகரியம். திட்டு இல்லாத தெய்வம், கோபம் இல்லாத அம்மா, அப்படித்தானே? சம்பந்தி அன்று ராத்திரி காரில் ஏறும் முன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னதற்கு நன்றி என்றார். எண்ணை மாற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை. உன் மாமியார் உன்னைப் பற்றித் தவறாக நினைக்கவேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. எமிக்கு ரியாஸ் விஷயம் தெரியுமா? அவளிடமும் அங்கிளைக் காட்டித்தான் பேசியிருப்பாய். கட்டியவளிடம் இப்போதே மறைக்கத் தொடங்காதே, வீட்டுக்குள் அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போகாது. உன் அப்பாவை வைத்தே சொல்கிறேன்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவதானால் வா, சோறு போடுவேன், உனக்குப் பிடித்த கோழிக் குழம்பும் வைப்பேன், பேசமாட்டேன். கோபத்தை மறைத்துக்கொண்டு கொஞ்ச எனக்கும் தெரியாது. பேசவேண்டும் என்றால் அதற்கு முன் நீ ஒன்று செய்யவேண்டும். ரியாஸ் வீட்டுக்குப் போ. ஈமெயில் அனுப்பாதே, போனிலும் சொல்லாதே. நேரே போய், எனக்கு முன்னாலேயே தெரியும் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். அடித்தாலும் வாங்கிக்கொள், அவன் அடிக்கமாட்டான், அதுதான் உனக்கு அடிப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும். அந்தச் சுகர் லேண்ட் கம்பெனியில் உனக்குத் தெரிந்தவர்கள் யார் யார் என்று பார், அங்கிருந்தே மறுபடி அவனைக் கூப்பிட வழி இருக்கிறதா என்று தேடு. கிடைக்கும் என்று அவனிடம் சொல்லாதே. தேடுகிறேன் என்று மட்டும் சொல்.

அன்று கராஜில் அப்பாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கும்போது உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சனிக்கிழமை காலையில் பெரிய காராக எடுத்துக்கொண்டு போ, ஏர்போர்ட்டில் விட அவர்களுக்கு ஆள் இல்லையாம். ரியாஸின் மனைவிக்கு ஆறாம் மாதம், அவள் எதையும் தூக்கக்கூடாது. நாலு பெட்டி இருக்கிறது என்றான். நீ தூக்கு.

அம்மா